பொம்மைச் சாவடியில் பெருக்காத பனி

என்னங்க,

கடற்பாசி சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக் குடியுங்கள். கதவின் மின்னணுப் பூட்டு கீச்கீச்சென்று கத்துகிறது. பேட்டரியை மாற்றாவிட்டால், பொம்மைப் போர் ஆட்டத்தில் வட கொரியப் படையாக விளையாட வரும் உங்கள் நண்பர் தே-சிக் வாசலிலேயே நிற்பார்.

நேற்று மேசையில் நீங்கள் செய்துவைத்த பொம்மை எல்லைச் சாவடியைப் பார்த்துச் சிரித்தது தப்புதான். "பட்டாளத்துல இருந்தது நீ, ஆனா தேடித்தேடிப் படிச்சது நான்!" என்று கத்தினீர்களே, அதுவும் நியாயம்தான். கண் சரியில்லை என்று பட்டாளம் திருப்பி அனுப்பிய அதே கண்ணை வைத்துக்கொண்டு, விரல் நுனி உயர வீரனுக்கு பூட்ஸ் கயிறுவரை தீட்டியிருக்கிறீர்கள். வடக்குக்காரனுக்கும் அதே அக்கறை. அசந்துபோனேன்.

ஆனால் சாவடி வாசலில் முழங்கால் உயரப் பனியா? நான் பட்டாளத்தில் இருந்தபோது, ஹ்வாச்சியோன் எல்லை முகாமில் நாங்கள் துப்பாக்கியைவிடத் துடைப்பத்தைப் பிடித்ததுதான் அதிகம். விழ விழப் பெருக்குவோம், இல்லாவிட்டால் மேலதிகாரி தோலை உரித்துவிடுவார். அதனால் பல்குச்சியால் ஒரு பாதை சுரண்டியிருக்கிறேன். கோபப்படாதீர்கள்.

— மி-ஹ்யாங்

பி.கு.: சுரண்டும்போதுதான் கவனித்தேன். கடைசி வரிசையில் நிற்கும் பெண் சார்ஜென்டின் இடது புருவத்தில் என் தழும்பு! நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா?

ஆட்டத்தில் தோற்றாலும் பரவாயில்லை. அவளை மட்டும் தே-சிக்கிடம் சாகக் கொடுத்துவிடாதீர்கள்.