ஒற்றையாய்ப் பூத்த மரம்

என் அன்பு அண்ணை,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. நல்ல சேதி ஏதும் கிடைத்தபின் எழுதலாமென்று பொறுத்திருந்தேன். இனி அப்படி ஒன்று வராது.

கோயில் வளவில் நின்ற உங்கள் இரண்டு மரங்களில் ஒன்றைத் தறித்துவிட்டார்கள். ஆண் மரத்தை.

தபாற்கந்தோர் வேலை போக மிச்ச நாளெல்லாம் தென்மராட்சிப் பற்றைக்காடுகளுக்குள் சைக்கிள் உருட்டித் திரிந்தவர் நீங்கள். கருங்காலிக்கு உறவான இந்த இனம் இலங்கைக்கு வெளியே இல்லை, குடாநாட்டில் இவை இரண்டைத் தவிர வேறொன்றும் கண்டதில்லை என்று நீங்கள் சொன்னபோது, புட்டு அவித்தபடி 'உம்' கொட்டினேன். ஆஸ்பத்திரியில் கிடந்தும் அதே கதைதான்.

"கோயில்காரரிட்டைச் சொல்லி வை. ஒண்டு ஆண், ஒண்டு பெண். ரெண்டும் நிண்டால்தான் காய்க்கும்."

"ஓம் அண்ணை, சொல்லுறன்" என்றேன். சொல்லவில்லை. முதலில் உங்கள் வருத்தம் பார்த்த அலைச்சல், பிறகு உங்கள் செத்தவீடு. அதற்குப் பிறகு என்ன சாட்டுச் சொல்ல?

திருவிழாவுக்கு வரும் வாகனங்களை நிறுத்த இடம் வேண்டுமாம். நான் ஓடிப்போனபோது அடிமரம் துண்டுகளாகக் கிடந்தது. கோயில் தலைவர் கெட்டவரல்ல. நான் இருக்கக் கதிரை எடுத்துப் போட்டார்.

"ஏன் பிள்ளை அழுறாய்? ஒண்டைத்தானே தறிச்சனாங்கள். மற்றது நிக்குதெல்லே?"

"ஐயா, தறிச்சது ஆண் மரம். இனி மற்றது காய்க்காது."

அவர் முகம் வாடிவிட்டது. "இதை ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லையே, பிள்ளை."

நான் குனிந்து பச்சைக் கிளைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

அவற்றைக் கொண்டுவந்து வீட்டில் நட்டேன். ஒன்றும் வேர்விடவில்லை. மரத்தடியில் முளைத்திருந்த கன்றுகளை ஆடுகள் முன்பே தின்று தீர்த்திருந்தன. அடிக்கட்டை துளிர்க்குமோ என்று பார்க்கப் போனால், அதன்மேல் கிரவல் மண் கொட்டி மட்டமாக்கியிருந்தார்கள். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காடறிந்தவர்களிடம் இலையைக் காட்டிக் கேட்டேன். ஒருவரும் கண்டதில்லையாம்.

வைகாசியில் பெண் மரம் பூத்தது. தேனீக்களும் வந்தன. அவை எங்கிருந்து மகரந்தம் கொண்டுவரும்? ஒரு பூவும் பிஞ்சாகவில்லை. வளவு கூட்ட வந்த பெண் உதிர்ந்த பூ அத்தனையையும் சருகோடு அள்ளிக் கொட்டினாள்.

இந்த இனம் இங்கே பிழைக்குமென்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன், அண்ணை. ஒன்று மட்டும் செய்வேன். அந்த மரம் நிற்கும்வரை ஒவ்வொரு வைகாசியும் போவேன். பூத்த நாளையும் உதிர்ந்த நாளையும் எழுதிவைப்பேன். இப்படியொன்று எங்களோடு இருந்ததென்று யாராவது சொல்ல வேண்டாமா?

உங்கள் தங்கச்சி,
வதனி