விசேஷம் இல்லாத வீட்டில் விளக்கு

வெள்ளி, நவம்பர் 14. காரைக்குடி

காலையிலிருந்து தூறல். லாட்ஜ் மொட்டைமாடி முழுக்க ஈரம். கேமரா ட்ரைபாடுக்கு அடியில் என் வீட்டுக்காரருடைய துண்டு. இவருக்கு இன்னும் தெரியாது.

புகைப்படக் கண்காட்சிக்கு ‘இரவில் ஊர்’ என்ற பிரிவில் மொத்தம் ஐந்து படம். திருச்சி, மதுரை, தஞ்சாவூர், ராமேஸ்வரம் ஆச்சு. பாக்கி இந்த ஊர். ஞாயிறு ராத்திரி கடைசி. மூன்று வருடமாக அனுப்புகிறேன், மூன்று வருடமாக “நன்றி, அடுத்த முறை”. இந்தத் தடவையும் தேறாவிட்டால் கேமராவை விற்றுவிடுகிறேன் என்று நானே வாயை விட்டேன். இவர் அதை மறப்பதாக இல்லை.

மாலை 6.30. எடுத்தவை: தண்ணீர்த்தொட்டி 4, செல்போன் டவர் 1, ஜவுளிக்கடை போர்டு (பாதி எழுத்து எரியவில்லை). எதிரே கோட்டை மாதிரி ஒரு செட்டிநாட்டு வீடு. ஒரு பல்புகூட இல்லை. படத்தின் நடுவில் கறுப்பு ஓட்டை. அது மட்டும் எரிந்தால்!

சனி, நவ. 15

மேகம், மழை இல்லை. எதிர்வீட்டுக் காவல்காரர் கருப்பையாவைப் பிடித்தேன். நாளைக்கு அரை மணி நேரம் விளக்குப் போடுவீர்களா?

“நானாப் போட முடியாதும்மா. பதினோரு பங்காளிக வீடு. அம்புட்டுப் பேரும் சரிங்கணும்.”

பாவம், நாள் முழுக்க போன். சென்னை, பெங்களூரு, பினாங்கு. ஒருவர், “மத்தவுகல்லாம் சரின்னுட்டாகளா? அப்ப ஏதோ இருக்கு” என்று ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுச் சரி சொன்னார். சாயங்காலத்துக்குள் பத்துப் பேர். பதினோராவது, உள்ளூர் விசாலாட்சி ஆச்சி. போனை எடுக்கவில்லை.

“ஆச்சி ஒண்ணும் சொல்ல மாட்டாக” என்றார் கருப்பையா. எனக்கு வசதியாக இருந்ததால் நம்பினேன்.

ஞாயிறு, நவ. 16

வானம் சுத்தம். 6.25க்குக் கருப்பையா சுவிட்சைப் போட்டார். மாடி, கோபுரம், வண்ணக் கண்ணாடி எல்லாம் ஒரே நேரத்தில். அழுகையே வந்துவிட்டது. இவரிடம் காட்டவில்லை.

எனக்குத் தெரியாதது ஒன்று. இங்கே பெரிய வீட்டில் விளக்கு எரிந்தால் கல்யாணம், இல்லையென்றால் அறுபதாம் கல்யாணம். சும்மா யாரும் எரிப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் வாசலில் கூட்டம். எங்கள் மாடிக்கே கேட்டது.

“யாருக்கு விசேஷம்? எங்களுக்குச் சொல்லவே இல்லையே!”

“பொண்ணு எந்த ஊரு?”

“சொந்தம்னு பேரு, ஒரு பத்திரிகை வச்சாகளா பாருங்க!”

ஒருவர் கையில் பழத்தட்டு வேறு. அதற்குள் எங்கே வாங்கினார்?

ஆட்டோவில் ஓர் அம்மாள் வந்து இறங்கினார். பட்டுச்சேலை, பாதிக் கொண்டை. “என்னையக் கேக்காம என் வீட்டுல விசேஷமா?” கருப்பையா தூணுக்குப் பின்னால். விசாலாட்சி ஆச்சியேதான். ஆச்சி என்கிறார்களே தவிர வயது ஐம்பதுதான் இருக்கும். இடுப்பில் கை வைத்து நடுவாசலில் நின்றார். அப்போதுதான் நான் முப்பது விநாடிக்கு ஷட்டரைத் திறந்திருந்தேன். அது மூடவும் கருப்பையா விளக்கை அணைக்கவும் சரியாக இருந்தது.

ஒரே படம். வீடு ஜொலிக்கிறது. ஓடியவர்கள், கேட்டவர்கள், பழத்தட்டு, அசைந்ததெல்லாம் புகை. ஆச்சி மட்டும் துளி அசையவில்லை. அவ்வளவு கோபம்.

அனுப்பினேன். கீழே போய் ஆச்சியிடம் மன்னிப்புக் கேட்டுப் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “கொண்டைய முடிஞ்சிட்டு வந்திருக்கலாம்” என்றார்.

புதன், நவ. 19. திருச்சி

வெயில். கண்காட்சியிலிருந்து பதில். படம் பிரமாதமாம். ஆனால் இந்தப் பிரிவில் ஆள் முகம் தெரியக் கூடாதாம். நன்றி, அடுத்த முறை.

விற்பதற்காகக் கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

நாலு மணிக்கு போன். ஆச்சி.

“தை மாசம் என் மகளுக்குக் கல்யாணம். அந்த வீட்டுலதான். பதினோரு பங்காளியும் வாசல்ல நிப்பாக, வீடு பூரா லைட்டு எரியும். அதே மாதிரி எடுக்கணும். நீதான் வரணும்.”

நான் சரி சொல்வதற்குள் இவர் பெட்டியைத் திறந்து பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டார்.

“அரை நிமிஷம் யாரும் அசையக் கூடாது ஆச்சி, பரவாயில்லையா?”

“நான் நில்லுன்னா எவன் அசைவான்?”