நடுங்கிய கையும் நான் சொன்ன பொய்யும்

என் பிரியத்துக்குரிய அண்ணிக்கு,

குன்னூரில் மூணு நாளா மழை விடலீங்க. பாக்டரி துப்பாக்கி கிளப்பில் குறி அட்டையெல்லாம் ஈரம் கோத்து, குண்டு பட்ட இடம் வட்டமாக விழாமல் கிழிகிறது.

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஏழு மாசம். உங்கள் ஏர் பிஸ்டலை அண்ணன் என்னிடமே கொடுத்துவிட்டார். உங்கள் கைக்கென்று செதுக்கிய மரப்பிடி எனக்குக் கொஞ்சம் பெரிசு. முதல் வாரம் குண்டெல்லாம் இடப்பக்கமே போனது. மணிக்கட்டை வளைத்து நடுவுக்கு இழுத்துப் பார்த்தேன், இன்னும் மோசம். அப்புறம்தான் நீங்கள் செய்வதுபோல் கண்ணை மூடிக் கையைத் தூக்கினேன். திறந்தால், பிஸ்டல் தன்பாட்டுக்கு இடப்பக்கம் பார்த்து நிற்கிறது. கையைத் திருப்பாமல் பின்னால் வைத்த காலை மட்டும் கொஞ்சம் நகர்த்தி நின்றேன். நேராகிவிட்டது.

ஆனால் இதைச் சொல்ல எழுதவில்லை. அந்தக் கோயமுத்தூர் போட்டி என்னை விடமாட்டேன் என்கிறது.

கீமோ முடிந்த கையோடு பயிற்சிக்கு வந்தீர்கள். மருந்தில் கை மரத்து உங்களுக்கே சரியாகத் தெரியாததால், என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து, "கை நடுங்குதா கண்ணு?" என்று கேட்டீர்கள். பிஸ்டலின் நுனி ஆடுவதை நன்றாகப் பார்த்தேன். "இல்லீங்க அண்ணி" என்றேன்.

போட்டியில் குண்டெல்லாம் சிதறிப்போக, பாதியிலேயே பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தீர்கள். திரும்பி மலையேறும் பஸ்ஸில், பர்லியார் தாண்டியதும் என் பக்கம் திரும்பிச் சொன்னீர்கள்:

"பரிதாபப்பட ஊட்டுல ஆளிருக்குது. உன்னை நிக்க வெச்சது, பிஸ்டல் எங்க நிக்குதுன்னு சொல்றதுக்குத்தான். நடுங்குதுன்னு தெரிஞ்சிருந்தா, அதுக்குத் தக்கனப் பழகியிருப்பனே."

அதன்பிறகு மூன்று மாசம் பழகினீர்கள். இறுக்கிப் பிடிப்பதை விட்டீர்கள். பாதி நாள் குண்டே போடாமல் விசையை மட்டும் இழுத்துப் பார்ப்பீர்கள். "ஆடுதுங்க", "இன்னும் ஆடுதுங்க", "இப்ப நிக்குதுங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். நடுக்கம் போகவில்லை. அது அடங்கும் நொடி மட்டும் உங்கள் விரலுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை நட்டநடு வட்டத்தைத் துளைத்தீர்கள். அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடுத்ததை மாட்டு" என்றீர்கள். அவ்வளவுதான்.

என்னை மன்னிச்சிருந்தீங்களா அண்ணி? கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அண்ணன் என் பக்கத்தில் வந்து நிற்கிறார். குண்டு எங்கே பட்டாலும், "நல்லாத்தான் இருக்குது சரசு" என்கிறார். அன்பில்தான் சொல்கிறார். ஆனால் அதைக் கேட்கும்போது அந்த இடத்தில் நான் மட்டும் தனியாக நிற்பதுபோல் இருக்கிறது. அன்றைக்கு உங்களுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே போட்டிக்குப் போகிறேன். பத்து விழுந்தால் பத்து, அஞ்சு விழுந்தால் அஞ்சு. வந்ததும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

உங்கள் நாத்தனார்,
சரசு