மாப்பிள்ளைக்குச் சர்க்கரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் நீ பிரித்து மாட்டும் விமான இன்ஜின்களும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். வீட்டின் மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போனில் நான் "ஹலோ" சொல்லி முடிப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அவள் அழுகிறாள், நீ அழுகிறாய், விஷயம் நடுரோட்டில் நின்றுவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பாய முடியாது. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்கு அப்படி ஒரு ரோடு வேறெங்கும் கிடைக்காது.

முதலில் கண்டிப்பான செய்தி. நீ டிக்கெட் போடக் கூடாது. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்று, "படிப்பு போனா போகுதுப்பா, நான் கிளம்பி வரேன், அவன் செத்துட்டா என்னால தாங்க முடியாது" என்றாய். பாதியில் வந்தால் அந்த இடம் மறுபடி கிடைக்காது என்று சொன்னதும் நீதான். ஒரு பூனையால் விமானம் கைவிட்டுப் போனது என்று நம் குடும்ப வரலாற்றில் எழுத வேண்டாம். அவனைப் பிழைக்க வைப்பது என் பொறுப்பு, பரீட்சை எழுதுவது உன் பொறுப்பு.

நாங்கள் கல்யாணப் பேச்சை எடுத்த வாரம் இவனைச் செருப்பு டப்பாவில் கொண்டுவந்து, "இதோ உங்க மாப்பிள்ளை. சாப்பாட்டுல குறை சொல்ல மாட்டான், மாமனார எதிர்த்துப் பேச மாட்டான்" என்றாயே, இரண்டும் சுத்தப் பொய். கால்நடை டாக்டரம்மா எழுதிக் கொடுத்த டின் கறியை முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு, மண்ணைத் தள்ளி மூடுவது போலத் தரையைப் பிராண்டினான். உன் அம்மாவின் சமையலை நான்கூட அப்படி அவமதித்ததில்லை. அவமதித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பத்தியம் இதுதான். மொறுமொறு தீனி கிடையாது, பால் கிடையாது, பிஸ்கட் பக்கம் தலை வைக்கக் கூடாது. மாவு சேராத கறி, காலையும் மாலையும். அவன் சாப்பிட்டான் என்று பார்த்த பிறகுதான் ஊசி. மருந்து பாட்டிலைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். இதையெல்லாம் விளக்கிவிட்டு டாக்டரம்மா, "ஊசி வீட்ல யார் போடப்போறீங்க?" என்றார். உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்தேன்.

என் கதைதான் உனக்குத் தெரியுமே. எனக்கும் சர்க்கரை. மாத்திரை போதவில்லை, ஊசிக்கு மாறுங்கள் என்று என் டாக்டர் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடும். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூட்டம் போட்டதாகச் சொல்வார்கள். நம் வீட்டில் பூனைக்கு யார் ஊசி போடுவது என்று கூட்டம் போட்டோம். உன் அம்மா காலையிலேயே ஆபீஸ் போய்விடுவதால், வீட்டில் மிஞ்சும் எலி நான்தான் என்று தீர்மானம் நிறைவேறியது.

தலையணைக்குக் குத்திக் குத்திப் பழகினேன். தலையணைக்கு இப்போது எந்த வியாதியும் வராது. மாப்பிள்ளையிடம் மட்டும் முதல் ஊசி, தூக்கிப் பிடித்த தோலில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, மருந்தெல்லாம் முடியில் வழிந்தது. இன்னொன்று போடட்டுமா என்று போனில் கேட்டதற்கு டாக்டரம்மா, "போடவே போடாதீங்க. எவ்வளவு உள்ள போச்சுன்னு நமக்குத் தெரியாது. அடுத்த வேளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார். அடுத்த வேளை, அவன் தட்டில் தலை கவிழ்ந்திருந்தபோது, மாணவர்களிடம் சொல்வதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மெதுவா, பதறாம, அப்படியே, விடு. அவனுக்குத் தெரியவே இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டது மாமனார்.

ஒரு குறை. அவன் காதில் துளி ரத்தம் எடுத்து மெஷினில் பார்த்தால் சர்க்கரை இறங்கவே இல்லை. மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார் டாக்டரம்மா. "வெளிய எங்கயாவது சாப்பிடுறானா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் ராணுவக் கட்டுப்பாடு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நீ நிம்மதியாகப் படி. அவன் காதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அப்பா


அன்பு மகளுக்கு,

உட்கார்ந்து படி. கடைசி வரி வரை அவன் உயிரோடு இருக்கிறான் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

ராணுவத்தில் ஓட்டை. மாடி வீட்டு மேனேஜர் "கீழ் வீட்டுக்காரர் பூனையப் பட்டினி போட்டே கொல்றார்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாக உன் அம்மா கடையில் கேட்டுவிட்டு வந்தாள். பாங்கிலிருந்து ஓய்வு பெற்றாலும் மனிதர் எவன் தப்பு செய்கிறான் என்று பார்ப்பதிலிருந்து ஓய்வு பெறவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்கு மாடி ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. அவர் மடியில் மாப்பிள்ளை. பக்கத்தில் பால் கிண்ணம். மீசையில் பிஸ்கட் தூள். என்னை யாரோ விலாசம் கேட்டு வந்த ஆளைப் போலப் பார்த்தான். மாமனார் வீட்டில் பத்தியம், மாடி வீட்டில் விருந்து. எத்தனை நாளாக நடக்கிறதோ.

விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர் முகம் செத்துவிட்டது. "கெடுதல் பண்ணிட்டேனா சார்? பசின்னு நெனச்சேன். சாயங்காலம் ஆனா இவன் ஒருத்தன்தான் இந்தப் படியேறி வர்றான்" என்றார். அவர் மனைவி போன பிறகு அந்த வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் உட்கார்ந்த தடயத்தோடு இருக்கிறது. சண்டைக்குப் போனவன் காபி குடித்துவிட்டு இறங்கினேன். ஏற்பாடும் செய்தாயிற்று. மாலைச் சாப்பாடு மாடியில், அவர் கையால். நான் ஊசியோடு போவேன். அவர் டின் கறியைத் தராசில் வைத்து நிறுப்பதைப் பார்த்தால் நகைக் கடைக்காரன் தோற்றான்.

இங்கேதான் புத்திசாலிகள் இருவரும் தவறினோம். பாலும் பிஸ்கட்டும் நின்ற செய்தியை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மேனேஜர் மானம் போகும், என் ராணுவத்தின் மானமும் போகும். ஆனால் அந்தப் பாலையும் சேர்த்து அடக்கத்தான் மருந்தை ஏற்றியிருந்தார்கள். பால் நின்றுவிட்டது, மருந்து நிற்கவில்லை.

அன்று நான் நம் தெருவில் பல் டாக்டரம்மாவுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். லைசென்ஸ் டெஸ்டில் அவர் தோற்காத தடவையே இல்லை. நிற்கிற சைக்கிளைப் பார்த்தாலும் பிரேக் போடுகிறவர். மேனேஜர் மாடியிலிருந்து கத்தினார், "சார், மாப்பிள்ளை குடிச்சவன் மாதிரி தள்ளாடுறான்."

ஓடினேன். பின்னங்கால் இரண்டும் மடங்கி, கண் எங்கேயோ பார்க்க, துணி மாதிரிக் கிடந்தான். சர்க்கரை தாழ்ந்தால் ஈறில் தேனைத் தடவி உடனே தூக்கிவரச் சொல்லியிருந்தார்கள். மேனேஜர் தேன் பாட்டில் மூடியை எந்தப் பக்கம் திருகுவதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் திருகினார். பின்னாலேயே வந்த பல் டாக்டரம்மா வாங்கி ஒரே திருகில் திறந்தார். என் மடியில் அவன், கையெல்லாம் தேன். எப்படி ஓட்டுவது? அவரைப் பார்த்தேன்.

"சார், நான் செகண்ட் கியர் தாண்டினதே இல்ல."

"இன்னைக்குத் தாண்டுவோம்மா."

போன வழியெல்லாம் நான் அவருக்குக் கியர் சொன்னேன், அவர் எனக்கு ஈறு சொன்னார். "கன்னத்துப் பக்கமா தேய்ங்க சார், தொண்டைக்குள்ள விடாதீங்க, புரையேறிடும்." "க்ளட்ச்ச மெதுவா விடுங்கம்மா." "பல்லுக்கு மேல, அங்கதான், தேய்ச்சிட்டே இருங்க." பின் சீட்டில் மேனேஜர் ஏனோ தராசையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எல் போர்டைப் பார்த்து ஒதுங்குகிற வண்டிகள் அன்று எங்கள் வேகத்தைப் பார்த்து ஒதுங்கின. என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருஷத் தொழிலில் அதை மிதிக்காமல் நான் போன முதல் பயணம் அது.

பாலத்தைத் தாண்டும்போது மாப்பிள்ளை என் விரலைக் கடித்தான். சும்மா இல்லை, ரத்தம் வரக் கடித்தான். உன்னை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது நீ என் விரலைப் பிடித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. "சார் அழுறார்" என்று மேனேஜர் பின்னாலிருந்து அறிவித்தார்.

அவனை ராத்திரி கிளினிக்கிலேயே வைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா, "சாப்பாட்ட மாத்தினத ஏன் என்கிட்ட சொல்லல? இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று என்னை நிற்கவைத்துக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மேனேஜர் பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைத் தூக்கி, "நான்தான் மேடம் பால்" என்றார். பாவம், டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மருந்தைப் பாதிக்கும் கீழே குறைத்து அனுப்பினார்கள்.

அன்றே உனக்குச் சொல்லவில்லை என்று கோபிக்காதே. சொல்லியிருந்தால் மறுநாளே விமானத்தில் இருந்திருப்பாய், பயணியாக. நீ ஏற வேண்டியது ஸ்பேனரோடு. இப்போது அவன் இந்தக் காகிதத்தின் மேல்தான் படுத்திருக்கிறான். ஓரத்தில் எழுத்து வளைந்திருப்பது அவன் வாலைச் சுற்றிக்கொண்டு போனதால்.

பயப்படாமல் எழுது, கண்ணு. பரீட்சையைச் சொல்கிறேன்.

உன் அப்பா


அன்பு மகளுக்கு,

நீ தேறிவிட்டாய் என்ற செய்தியைத் தெருவில் நான் சொல்வதற்குள் உன் அம்மா சொல்லி முடித்துவிட்டாள். எனக்கு மிஞ்சியது மாப்பிள்ளையின் செய்திதான். அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

ஊசியை நிறுத்தியாயிற்று. மருந்தைக் குறைத்துக் குறைத்து, போன வாரம் டாக்டரம்மா, "வேண்டாம், இனிமே போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். சில பூனைகளுக்கு இப்படி அடங்கிவிடுமாம். திரும்பவும் வரலாம், அதனால் பத்தியத்தையும் காதில் குத்திப் பார்ப்பதையும் விடக் கூடாது என்றார். நான் மூன்று முறை திருப்பிக் கேட்டதும், "உங்க மாப்பிள்ளை ஜெயிச்சுட்டார் சார், போய்ட்டு வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டார். கிளினிக்கிலிருந்து வீடு வரை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன். தேவையில்லாமல் ஹாரன் அடிக்காதே என்று ஊருக்கே பாடம் நடத்துகிற வாத்தியார் நான்.

அன்று மாலை மாடியில் விருந்து. விருந்தாளிக்கு அதே டின் கறி, மேனேஜர் நிறுத்துவைத்தது. எங்களுக்குக் கேக். எனக்குக் கேக்கின் வாசனை மட்டும். பல் டாக்டரம்மா வந்திருந்தார், லைசென்ஸோடு, தானே ஓட்டிக்கொண்டு. டெஸ்ட் எடுத்த அதிகாரி "இவ்வளவு தைரியமா யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டாராம். ஒரு பூனையிடம் என்று சொன்னாராம். வாத்தியார் பெயரைச் சொல்லியிருக்கலாம். போகட்டும். மேனேஜர் இரண்டு நாற்காலி புதிதாக வாங்கிப் போட்டிருக்கிறார்.

இன்னொன்று, உன் அம்மா சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அவன் ஊசியை நிறுத்திய வாரமே எனக்கு ஆரம்பித்தார்கள். என் டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். எனக்கு அவசர வேலை எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. "பூனைக்குப் போட்ட கை உங்களுக்குப் போடாதா?" என்று உன் அம்மா கேட்டாள். போடுகிறது. நான் ஊசியை எடுக்கும்போது மாப்பிள்ளை எதிரில் வந்து உட்கார்ந்து, பரீட்சை அதிகாரி மாதிரி, கண்ணை இமைக்காமல் பார்க்கிறான். என் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது.

அங்கேயே வேலை தருகிறார்கள், எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். இதில் என்ன கேள்வி? எடுத்துக்கொள். உன் கை பட்ட இன்ஜின் மேலே ஏறிப் பத்திரமாக இறங்க வேண்டும் என்று நான் எத்தனை பேரிடம் பெருமையடித்து வைத்திருக்கிறேன் தெரியுமா? வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அம்மா நலம், நான் நலம், மாப்பிள்ளை எல்லோரையும்விட நலம். நீ வந்தே தீர வேண்டும் என்று சொல்ல இந்த வீட்டில் இனி ஒரு காரணமும் பாக்கியில்லை.

காரணம் இல்லாமல் ஒரு தடவை வந்துவிட்டுப் போ, அம்மாடி.

நீ தொட்டதெல்லாம் உயரப் பறக்கட்டும்.

உன் அப்பா