பன்னிரண்டு பி போட்ட குட்டிகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்க உடுத்தி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். முயல்களில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் நலம். அந்த இரண்டைப் பற்றிச் சொல்லாமல் நீ போன ஞாயிற்றுக்கிழமை கேட்ட கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியாது, அதனால் அவசரப்படாமல் படி. இங்க வேலையில இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க, நீங்க வான்னு சொன்னா வந்துடறேன்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க என்றாய். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைக்கும், நீ என்னப்பா ஆச்சு என்பாய், நான் சளிம்மா என்பேன், பேச்சு அத்தோடு போய்விடும். தபாலில் போட்டால் உன் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். அம்மா இதைப் படம் பிடித்து அனுப்புவாள், என் கோழிக் கிறுக்கல் புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

முயல் வளர்க்கப் போகிறேன் என்று சொன்னபோது நீ சிரித்தாய். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முப்பத்தொரு வருஷம் டிப்போ வாசலில் உட்கார்ந்து எந்த பஸ் எப்போது வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்று எழுதிய கை ஓய்வு பெற்ற மறுநாளே சும்மா இருந்துவிடுமா சொல். பால்காரர் எத்தனை நிமிஷம் தாமதம், குழாயில் தண்ணீர் எப்போது நின்றது என்று எழுத ஆரம்பித்தேன். குக்கர் இன்றைக்கு மூன்று நிமிஷம் கழித்து விசில் அடித்தது என்று ஒருநாள் சொன்னதும் உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஏங்க, நீங்க ஏதாவது வேலை பாருங்க, இல்லேன்னா நான் எங்கயாவது வேலைக்குப் போயிடறேன் என்றாள். அந்தச் சமயம் பார்த்துத்தான் உன் ஹாரன் மாமா வந்தார். பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு காக்கை குறுக்கே போனாலும் ஹாரன் அடிப்பாரே, அவர் இப்போது அறுபது முயல் வைத்துக்கொண்டு மூச்சுச் சத்தம் கேட்காமல் நடக்கிறார். முயலுக்குச் சத்தம் ஆகாதாம். அவரே பெண்முயல் நாலும் ஆண் ஒன்றும் கொடுத்து என்னைத் தள்ளிவிட்டார்.

பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நீ சைக்கிள் நிறுத்துவாயே, அந்தச் சாய்ப்பில்தான் கூண்டுகள். சைக்கிளை விற்கவில்லை, துடைத்து உள்ளே உன் அறையில் வைத்திருக்கிறேன், பயப்படாதே. தச்சர் வந்து இரண்டு அடுக்காக எட்டுக் கூண்டு அடித்தார். அடிப்பக்கம் கம்பிவலை, புழுக்கை கீழே தட்டில் விழுந்துவிடும், தினமும் தட்டைக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஈரம்தான் முதல் எதிரி. வலை குத்திப் பாதம் புண்ணாகாமல் இருக்க மூலையில் ஒரு பலகை. கொசு உள்ளே போகாமல் சுற்றிலும் வலைத்துணி, அம்மாவின் பழைய கொசுவலையைக் கேட்காமல் வெட்டிவிட்டேன், அதற்கு வாங்கிய திட்டு தனி. காலையில் ஒவ்வொன்றாக மடியில் எடுத்துப் போட்டுக் காதுக்குள் சொறி இருக்கிறதா, பல் வளைந்திருக்கிறதா, வால் பக்கம் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கே காபி. ஈரப் புல்லைப் போட்டால் வயிறு ஊதிவிடும் என்று ஒரு நாள் உலர்த்திப் போடுகிறேன். சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டைப் பதினைந்து நாள் முன்பக்கம் தனியே வைத்திருந்தேன், நல்லவேளை, இரண்டுக்கும் காதில் சொறி இருந்தது, மருந்து போட்டுக் குணமான பிறகுதான் மற்றவற்றோடு சேர்த்தேன். கறிக்கடைக்காரர் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்தார். உன் அம்மா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. வேறொரு பண்ணைக்காரர் வளர்க்கக் குட்டிகள் கேட்டிருக்கிறார், அதுதான் இப்போதைக்கு நம்பிக்கை. அறுபதைத் தாண்டிய பிறகு தொழில் ஆரம்பித்திருக்கிறேன், தோற்றால் ஊர் சிரிக்கும், ஜெயித்தால் நீ சிரிக்க மாட்டாய் என்ற ஒரே ஆசைதான்.

கூண்டுக்கெல்லாம் பஸ் நம்பர் எழுதியிருக்கிறேன். ஏழு, முப்பத்திரண்டு, நாற்பது ஏ. சாம்பல் நிறத்தில் ஒன்று, எப்போதும் தலையைத் தூக்கி எங்கோ பார்த்துக்கொண்டே இருக்கும், அதற்குப் பன்னிரண்டு பி. நீ காலேஜுக்குப் போன பஸ். அந்த நம்பரை வேறு எதற்கும் கொடுக்க மனம் வரவில்லை.

அந்தப் பன்னிரண்டு பி தான் முதலில் சினையானது. முப்பதாம் நாள் தன் மார்பு முடியைத் தானே பிடுங்கிப் பிடுங்கிக் குட்டிப் பெட்டியில் மெத்தை போட்டது, பார்த்துக்கொண்டிருந்த எனக்கே நெஞ்சு வலித்தது. மறுநாள் காலை ஆறு குட்டிகள். கண் திறக்காமல், முடி இல்லாமல், விரல் நீளத்துக்கு. நான் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு கூண்டெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணி, பெட்டிக்குள் போகவில்லை. பத்து, போகவில்லை. ஒன்று, மூன்று, ஐந்து, போகவில்லை. தீனி தின்கிறது, முகம் கழுவுகிறது, பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூர மூலையில் போய்ப் படுத்துக்கொள்கிறது. மறுநாளும் அதே கதை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பெற்ற பிள்ளைகளைப் போட்டுவிட்டு இது என்ன தாய் என்று, சாயங்காலம் அதைத் தூக்கிக் குட்டிகளோடு பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டு மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கூட இருந்தால் பாசம் வரும் என்று நினைத்தேன். ஹாரன் மாமாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, எல்லாம் தெரிந்த திமிர். உள்ளே தொம் தொம் என்று உதைக்கிற சத்தம். திறப்பதற்குள் இரண்டு குட்டி அதன் காலடியில் நசுங்கிப் போயிருந்தன.

அம்மா ஓடிவந்து பார்த்தாள். திட்டவில்லை. அது வர்ற நேரத்துக்கு வரும்ல, உங்களுக்கு யாரையாவது பூட்டி வெச்சாத்தான் பாசமா என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரியாது, கடைசியில் சொல்கிறேன்.

மறுநாள் காலையிலேயே கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். கையைக் கழுவிக்கொண்டு ஒரு குட்டியை உள்ளங்கையில் மல்லாத்தி, பாருங்க சார், வயிறு உருண்டையா இருக்கு, இது நல்லாப் பால் குடிச்ச வயிறு என்றார். தாய்முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்குமாம், அதுவும் நாலைந்து நிமிஷம்தான். விடியற்காலையில் நான் பல் தேய்க்கிற நேரத்தில் வந்து போயிருக்கிறது. பக்கத்துலயே இருந்தா வாசனை புடிச்சு நாயோ நரியோ வந்துடும்னு அதுக்குப் பயம் சார், அதான் தள்ளியே இருக்கும், ஆனா மறக்காது என்றார். பெட்டியை இருட்டாக, காய்ந்ததாக வைத்து, தினம் ஒரு முறை குட்டிகளின் வயிற்றை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடச் சொன்னார். நாற்காலியையும் எடுத்துடுங்க என்றார், அது அம்மா சொல்லிக்கொடுத்ததோ என்று சந்தேகம். அடுத்த நாள் விடியலில் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐந்து நாற்பத்திரண்டுக்குப் பெட்டிக்குள் போனது, ஐந்து நாற்பத்தாறுக்கு வெளியே வந்தது. நான்கு நிமிஷம். நோட்டில் எழுதிவிட்டு அப்படியே நின்றேன்.

ஏன் தெரியுமா, அதே நோட்டின் பின்பக்கத்தில் உன் போன் இருக்கிறது. நீ அங்கே போன நாளிலிருந்து எல்லா ஞாயிறும் எழுதியிருக்கிறேன். ஆறு நிமிஷம். ஒன்பது. நாலு. நீ வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் படிக்கட்டில் நின்றுகொண்டு நீ பேசுவது, உன் குரல் சுவரில் மோதித் திரும்பி வருவது, யாரோ கூப்பிட்டதும் வெச்சிடறேன்பா என்பது. நாலு நிமிஷ ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவிடம் நான் பேசிய பேச்சையெல்லாம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பெண்ணுக்கு நம்மள மறந்து போச்சு என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். ஆறு மணி போனுக்கு ஐந்தரைக்கே நல்ல சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் வேறு என்ன பேசுவான். இந்த வீட்டில் நீ இல்லாத சத்தம் எனக்குக் காதை அடைக்கிறது அம்மாடி. உன் அறையில் சைக்கிள் மணியைச் சும்மா ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்போது அந்தக் கடைசி விஷயம். மூன்று வருஷத்துக்கு முன் உன் வேலை உத்தரவு தபாலில் வரத் தாமதமாகிவிட்டது என்று தபால்காரரிடம் சண்டை போட்டாயே. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அது சரியான நாளில் வந்து நான்கு நாள் என் சட்டைப் பையில் இருந்தது. டிப்போவில் என் மேஜைக்கே கொண்டுவந்து கொடுத்தார், வாங்கியது நான். பஸ் ஒரு நிமிஷம் தாமதமானாலும் சிவப்பு மையில் எழுதுகிறவன், உன்னை நான்கு நாள் நிறுத்தி வைத்தேன். சட்டையைத் துவைக்க எடுத்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள், ஒன்றும் பேசாமல் அதே பையில் திரும்ப வைத்துவிட்டாள். அவளுடைய அந்தப் பேசாமைக்குப் பயந்துதான் ஐந்தாம் நாள் உன்னிடம் கொடுத்தேன். என்னை மன்னித்துவிடு. தபால்காரர் ஓய்வு பெறுவதற்குள் அவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

மீதி நாலு குட்டியும் நன்றாக இருக்கின்றன. பதினோராம் நாள் கண் திறந்தன. உன் கேள்விக்குப் பதிலாக நான் இந்த வாரம் இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டிலும் வா என்றுதான் இருந்தது. இரண்டையும் பொடிப்பொடியாகக் கிழித்துக் காய்ந்த புல்லோடு சேர்த்து அடுத்த குட்டிப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன், நாற்பது ஏ சினையாக இருக்கிறது. இதுதான் மூன்றாவது. நீ இரு. இரண்டு வருஷமும் இருந்து, எடுத்த வேலையை முடித்துவிட்டு வா. நாலு நிமிஷம் பேசு, போதும் என்று எழுதப் பார்த்தேன், போதாது, பொய் எழுத மாட்டேன். ஆனால் நாலு நிமிஷத்தில் வயிறு நிறைகிறது என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

நோயில்லாமல், மனக்குறையில்லாமல் நூறு வயது இருக்க இருவரும் வாழ்த்துகிறோம். குளிருக்குக் கால்உறை போட்டுக்கொள், இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வைக்கும்போது இன்னும் ரெண்டு நிமிஷம் என்று நான் கெஞ்சுவேன், அதைக் காதில் வாங்காமல் வைத்துவிடு. நோட்டை அம்மாவிடம் கொடுத்தாயிற்று, இனிமேல் நேரம் குறிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

எழுதி முடித்தது காலை பதினொன்று இருபது. உனக்கு அங்கே இன்னும் விடிந்திருக்காது. தூங்கு.