துவாரகைக்கென்று சொல்லி தோலாவீரா போன அத்தானுக்கு

பிரியமுள்ள அத்தான்,

நீங்கள் எங்களை விட்டுப் போய், வருகிற ஆடியோடு இரண்டு வருடம். நம் மராத்தி ஊர் நிக்டியில் எல்லோரும் நலம். காலனிக் கிணற்றில் இந்த மே மாதமும் தண்ணீர் கிடக்கிறது. இதை முதலில் சொல்லாவிட்டால் மீதிக் கடிதத்தைப் படிக்க மாட்டீர்கள்.

அக்கா உங்களை மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தொண்ணூறுகளின் கடைசியில், துவாரகை யாத்திரை என்று சொல்லிப் பட்டுப்புடவையோடு அவளை ரயிலேற்றினீர்கள். இறக்கியதோ, கட்ச் பொட்டல்வெளியில் தொல்லியல்காரர்கள் தோண்டிக்கொண்டிருந்த தோலாவீராவில்! கூட வந்த எனக்கு விஷயம் முன்பே தெரியும் என்பதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

அந்தப் பழைய நகரத்தின் நீர்த்தொட்டிக்குள் இறங்கி நின்று, "பாத்தியா செண்பகம், மழையே இல்லாத ஊர்ல ஒரு சொட்டு விடாமப் பிடிச்சு வச்சிருக்கான்" என்றீர்கள்.

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். "அதெல்லாம் இருக்கட்டும். கோயில் எங்க?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஊர் திரும்பினால், வற்றிய கிணற்றை மூடி ஸ்கூட்டர் நிறுத்த இடம் செய்யலாம் என்று காலனிச் செயலாளர் கூட்டம் போட்டிருந்தார். மொட்டைமாடி மழைநீரைக் குழாய் வழியாகக் கிணற்றில் விடலாம் என்று சொல்ல எழுந்த நீங்கள், ஹரப்பாவிலிருந்து ஆரம்பித்தீர்கள். மொகஞ்சதாரோவை எட்டுவதற்குள் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள்.

அப்போதுதான், பதினைந்து நாளாக உங்களிடம் பேசாதிருந்த அக்கா எழுந்தாள். இந்தியும் தமிழும் கலந்து ஒரு போடு போட்டாள்.

"சாமி கும்பிடப் போன என்னை வெயில்ல நிக்கவச்சு அந்தத் தொட்டிய எல்லாம் காட்டினாரு இந்த மனுசன். இவர் சொல்றத நீங்க கேக்கலன்னா நான் போய் வந்ததே வீண். கிணத்த மூடணும்னா என்னையும் உள்ள தள்ளி மூடுங்க!"

மூட வேண்டும் என்று ஒரு கைகூட உயரவில்லை.

போன வாரம் பக்கத்துக் காலனிக்காரர்கள் கிணற்றைப் பார்க்க வந்தார்கள். "எல்லாம் என் யோசனை" என்றார் செயலாளர். அக்கா விடவில்லை. யாருடைய யோசனை என்று உங்கள் பெயரைச் சொன்னாள், அத்தான். இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டது அன்றுதான். அதுவும் இனிஷியலோடு!

உங்களுக்குக் கேட்டதா?

ஞாயிற்றுக்கிழமை மாடியேறி, மழைக்கு முன் குழாய்களில் அடைத்திருக்கும் சருகையெல்லாம் வாரப்போகிறேன். முழங்கால் ஒத்துழைக்கும்வரை வருடாவருடம் வாருவேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் பக்கம் நிற்கும்,
மைத்துனன் முருகேசன்