பின் சீட்டில் இருவர்

என் கோபக்காரத் தங்கச்சிக்கு,

போன வாரம் போனில் பொரிந்து தள்ளினாயே, "படியேறி ஒரு வீட்டைப் பாத்து எத்தன வருஷமாச்சு உனக்கு? ஏசி ரூம்ல உக்காந்து விதி எழுதுறதெல்லாம் சமூகப் பணியா?" என்று. இப்போது பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நீ வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் கையைப் பிடிக்கிறாய். உன் வீட்டுக்காரர் வளர்ப்புப் பெற்றோரை ஒரு கூடத்தில் கூட்டி, ஒருவருக்கொருவர் தைரியம் சொல்ல வைக்கிறார். நான் அதிகாரிகளோடு மல்லுக்கட்டுகிறேன். மூவரும் பார்ப்பது ஒரே வேலைதான். என்ன, எனக்கு மட்டும் டீ தானாக வந்துவிடுகிறது.

இன்றைய கூட்டத்தில் என் விதி ஜெயித்துவிட்டது. இனி உடன்பிறந்தவர்களைப் பிரித்து வெவ்வேறு வளர்ப்பு வீடுகளுக்கு அனுப்ப முடியாது.

"ஒரே வீட்டுல ரெண்டு கட்டிலுக்கு எங்கம்மா இடம் இருக்கும்?" என்று இழுத்தார் துறை இயக்குநர்.

"ஒரு கட்டில் போதும் சார். தலைமாடு கால்மாடா படுத்துக்குவாங்க. உதைச்சுக்குவாங்க, ஆனா தூங்கிடுவாங்க."

"அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க?"

நான் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். பிறகு, "ஓட்டுக்கு விடலாமா சார்?" என்றேன்.

விதி என்னுடையது, அதைப் படியேற்ற நீதான் வேண்டும். நீ பிரிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாயே, அந்தக் குட்டி அக்காவையும் தங்கையையும் நாளைக்கே ஒரே வீட்டுக்கு அழைத்துப் போ. காரின் பின் சீட்டில் இருவரையும் சேர்த்து உட்கார வை. இந்த முறை ஒருத்தி, அன்றைக்கு நீ அழுததைப் போல, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அழ வேண்டாம். இன்னொருத்தி என்னைப் போல வாசலில் நின்று கையசைக்கவும் வேண்டாம்.

உன் அக்கா